இருமனமுள்ளவள்

அப்பா இறந்த இரண்டாம் மாதம் போதகர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மலாக்காவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சுங்கை ஊடாங் போகும் சாலையில் இறங்கி, பால்மரக்காட்டுக்குள் நடந்து வந்து சேரும்போது அவர் வேட்டியின் ஓரமெல்லாம் செம்மண்ணாக இருக்கும். வார நாட்களில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கொட்டகையில்தான் ஆராதனை. கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி, தரையில் பாய் விரிப்போம். என் மேசைமேல் வெள்ளைத் துணி போட்டால் அது திருவிருந்து மேசை.

பிரசங்கம் முடிந்தது. அப்பமும் பாத்திரமும் இருந்த மேசைப் பக்கம் ஜனங்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். அம்மாவும் எழுந்தாள். ஆனால் மேசைப் பக்கம் வரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். எல்லாரும் வாங்கி முடித்து, கடைசிப் பாட்டுப் பாடும் வரைக்கும் அவள் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஏன் போனாய் என்று கேட்டேன். உலை வைக்க நேரமாகிவிட்டது என்றாள்.

அன்று எனக்கு அம்மாவைப் பற்றிய கவலை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

கொட்டகையில் பெரியவர்கள் உட்காரும் உயரத்தில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதை முன்னால் போட்டு என்னை அதில் உட்கார வைத்திருந்தார்கள். போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியார் கூட நின்றுகொண்டுதான் இருப்பார். அவர் மனைவி பாயில் உட்காருவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். தாய்வழியிலும் தந்தைவழியிலும் எனக்கு முன்னால் ஒருவரும் தன் பெயரை எழுதியதில்லை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அம்மா பால் பிடிக்கும் மங்கு கழுவி, என்னை மலாக்கா டவுனில் மிஷன் பள்ளி விடுதியில் விட்டுப் படிக்க வைத்தார்கள். ரப்பர் விலை விழுந்து, கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய வருஷங்களிலும் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. படித்து முடித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராகத் திரும்பி வந்தேன்.

வந்த நாளிலிருந்து தனியாள்தான். என்னோடு சிறு வயதில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கிய பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு இருந்தார்கள். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் வழிவிட்டு விலகி நிற்பார்கள். பேச்சும் அப்படியே நின்றுவிடும். நான் நிரப்பிக்கொண்டு நாலு அடி வைத்தபிறகுதான் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். அம்மா எனக்கு முதலில் சோறு போட்டு, நான் கைகழுவும் வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். சேர்ந்து உட்காரச் சொன்னால், "நீ சாப்பிடும்மா, வாத்தியாரு" என்று சிரிப்பாள். நானும் அவள் பேச்சைத் திருத்துவேன். சொவிசேசம் இல்லை, சுவிசேஷம் என்பேன். அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு என் முன்னால் அந்தச் சொல்லையே சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அப்பா வேதத்துக்கு வந்தது இந்தத் தோட்டத்தில்தான். கப்பலில் இருந்து இறங்கியபோது நெற்றியில் திருநீறு இருந்ததாம். அம்மா அவருக்குப் பின்னால் வந்தவள். "அவரு எங்க உக்காந்தாரோ அங்க நானும் உக்காந்தேன்" என்பாள். ஞானஸ்நானம் பெற்றதைப் பற்றி அதற்குமேல் அவளிடம் கதை கிடையாது. எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கு மூன்று வீடு வேதக்காரர்கள். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். லயத்துக் கடைசியில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோயில். தீமிதிக்கு நாங்கள் போகக்கூடாது. கோயில் சோறு சாப்பிடக்கூடாது. திருநீறு பூசக்கூடாது, கயிறு கட்டக்கூடாது. செய்தவர்கள் சபை முன்னால் எழுந்து ஒத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் போதகர் அடுத்த முறை வரும்வரை, வாசல் ஓரத்தில் போட்டிருக்கும் கடைசிப் பாயில் உட்கார வேண்டும், திருவிருந்து கிடையாது. கள்ளுக்கடையில் சண்டை போட்டவர்கள் அந்தப் பாயில் அடிக்கடி உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர் எடுத்து நடுங்குவது அவருக்குப் புதிதில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து கொய்னா தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டுப் போனார். வழக்கமாக மூன்றாம் நாள் விட்டுவிடும். இந்த முறை விடவில்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போயிற்று. டிரெஸ்ஸர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாலும் இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை, ஆட்டி அசைத்தால் வழியிலேயே போய்விடும் என்று சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. விசுவாசம் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்காகச் சபை கூடி ஜெபித்தது. வேதம் வாசிப்பது எப்போதும் நான்தான். எந்தப் பகுதியை வாசிப்பது என்று உபதேசியார் என்னிடமே விட்டுவிட்டார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். என்மேல் மிகுந்த மரியாதை. நான் புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபத்திலிருந்து எடுத்தேன். கேட்கிறவன் கொஞ்சமும் சந்தேகப்படாமல் கேட்க வேண்டும். சந்தேகப்படுகிறவன் காற்றடித்து அலைகிற கடல் மாதிரி. அப்படிப்பட்டவன் தேவனிடம் எதையாவது பெறலாம் என்று நினைக்கவே வேண்டாம், அவன் இரண்டு மனமுள்ளவன், நிலையில்லாதவன். இதுதான் அந்தப் பகுதியின் கருத்து. பள்ளியில் இதை மனப்பாடமாக ஒப்பித்து நான் பரிசு வாங்கியிருந்தேன். புத்தகத்தைப் பார்க்காமலே வாசிக்க முடியும். அன்றும் பாதிக்குமேல் பார்க்காமல்தான் வாசித்தேன். தலையை நிமிர்த்தி, ஜனங்களைப் பார்த்து, குரல் நடுங்காமல் வாசித்தேன். பெண்கள் பக்கத்தில் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து வீட்டுக்கு ஓடினாள். அப்பாவைத் தனியே விட்டு வந்த பதற்றம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போன நேரத்தில், அப்பா இறந்தார்.

போதகரின் அடுத்த வருகையின்போதும் அம்மா அப்பத்துக்கு முன்னால் எழுந்து போனாள். இந்த முறை எல்லாரும் அதை எதிர்பார்த்திருந்தார்கள்; அவள் பாயிலிருந்து அசையும் முன்பே தலைகள் திரும்பின. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க அம்மாவுக்கு மனசுல ஏதோ இருக்கு. நீங்க படிச்சவங்க, பக்குவமாக் கேட்டுப் பாருங்கம்மா" என்றார். நான் பக்குவமாகக் கேட்கவில்லை. குடையை மடக்கி மூலையில் வைத்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"உன்னால எனக்கு வெளிய தலைகாட்ட முடியல. நாளைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு நான் எந்த முகத்தோட வேதபாடம் சொல்றது?"

அம்மா அப்பாவின் பால்வெட்டுச் சட்டையைப் பிரித்து அடுப்புத்துணியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

"அந்த அப்பத்தத் தொட்டா எங்கை வெந்துபோயிரும், பாப்பா."

"ஏன் அப்படிப் பேசற?"

"உங்கப்பாவக் கொன்னவ நான்தான்."

பிறகு சொன்னாள். ஊசி போய் வந்துகொண்டே இருந்தது. அப்பாவின் சிறுநீர் கறுத்த வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயில் திருநீறும் மந்திரித்த கயிறும் கொண்டுவந்து கொடுத்தாளாம். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் திருநீற்றை அப்பாவின் நெஞ்சில் பூசினாள். கயிற்றை இடுப்பில், வேட்டிக்கு உள்ளே கட்டினாள். மாரியாத்தா, பிள்ளையைப் படிக்க வைத்த மனுஷன், விட்டுவிடு என்று கேட்டாளாம். இயேசுவிடமும் அதையே கேட்டாளாம்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்தேன். நீ படிச்ச. ரெண்டு மனசுக்காரனுக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னு. உங்கொரலு நல்லாக் கேட்டுச்சு. ஆண்டவரு எனக்குத்தான் சொல்றாருன்னு தெரிஞ்சு போச்சு. ஓடியாந்து கயித்த அறுத்து அடுப்புல போட்டேன். நெஞ்சத் தொடச்சேன். அவரு கண்ணத் தொறந்து பாத்தாரு." ஊசி நின்றது. "மறுநா போயிட்டாரு. ஆண்டவரு ரெண்டு மனசு இருந்ததுனால குடுக்கல. ஆத்தா கயித்த அறுத்ததுனால குடுக்கல. ரெண்டு பக்கமும் கெடுத்தது நான்தான்."

டிரெஸ்ஸர் சொன்னதை அப்போது சொன்னேன். அந்தக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை என்று. அம்மா கேட்டுவிட்டு, "மருந்து இல்லாததுக்குத்தானே செபம் பண்றது" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் அந்தப் பகுதியே வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் வெல்ல வேண்டும் என்று தோன்றியது. வேதத்தில் ஓரிடம் பூட்டினால் இன்னோரிடம் திறக்கும் என்று பள்ளியில் படித்திருந்தேன். சுவிசேஷத்தில் வலிப்புக்கார மகனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன் ஞாபகத்துக்கு வந்தார். விசுவாசித்தால் எல்லாம் முடியும் என்று இயேசு சொன்னதும் அவர் அழுதுகொண்டே, நம்புகிறேன் என்றும், நம்ப முடியாமல் இருக்கிற எனக்கு உதவும் என்றும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். இரண்டு மனமுள்ளவர். ஆனாலும் அவர் பிள்ளை பிழைத்தான். அப்படியானால் நிருபத்தில் எழுதியது என்ன? பரீட்சையில் இந்த இரண்டு இடங்களையும் எதிரெதிராக வைத்து ஒரு கேள்வி வந்திருந்தது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். என்ன எழுதினேன் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை டவுனுக்குப் பஸ் ஏறினேன். எங்களுக்கு வேதபாடம் எடுத்த ஆசிரியை டவுனை ஒட்டிய பாச்சாங்கில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்தவர், கணவர் அரசாங்க ஆபீசில் பெரிய வேலை. வாசலில் குரோட்டன் செடிகள், உள்ளே மெழுகு போட்டுத் துடைத்த தரை. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். தேநீரும் கேக்கும் வைத்தார். நான் இரண்டு இடங்களையும் சொல்லி, இவை எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டேன்.

"ஏன் பிள்ளை, சோதினையில இதைத்தானே வடிவா எழுதினனீர்" என்று சிரித்தார். "அங்க சொல்லுறது தேவனை நம்பாமல் சோதிச்சுப் பாக்கிறவனை. இங்க பலவீனத்தோட வந்தாலும் அவரிட்டையே வந்தவனை. ரெண்டும் ஒண்டையொண்டு மறுக்கேல்லை." பிறகு, "ஆருக்கு இந்தச் சந்தேகம்?" என்றார்.

என் அம்மாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு என்றேன். மாரியம்மன் திருநீறு என்று வாய் வரைக்கும் வந்த வார்த்தையைத் தேநீரோடு விழுங்கினேன். அந்த வீட்டில், அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால், அதை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் என் எழுத்தை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டுவதாகச் சொன்னார். அது எனக்கு இனித்தது. பஸ் நிறுத்தம் வரும்வரை இனித்தது. பஸ் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் பாசார் சந்தையிலிருந்து கோழிக்கூடையோடு வந்த ஒரு மலாய்க்கார அம்மாள் இருந்தார். மலாய்க்காரர் குடியிருக்கும் கம்போங் முனையில் அவர் இறங்கிப் போனபிறகு அந்த வரிசையில் நான் மட்டும். ஆசிரியை சொன்ன விடையை மனதுக்குள் எங்கள் லயத்துத் தமிழில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். என் அம்மாவிடம் சொல்லும்படியான ஒரு வடிவமும் அதற்குக் கிடைக்கவில்லை. அம்மா தேவனைச் சோதித்தாளா, பலவீனத்தோடு வந்தாளா? அவள் இரண்டு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைக் கேட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிந்து, வேதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்து அவளுக்கென்று மட்டும் நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. வலிப்புக்காரப் பிள்ளையின் கதையை முழுக்க வாசித்தேன். தகப்பன் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி, அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள எந்திரிச்சிட்டானா?"

"எழுந்திருச்சுட்டான்."

"அப்ப சரி" என்றாள். "புள்ள எந்திரிச்சவரு சொல்லலாம்."

நான் அவசரமாக ஆசிரியையின் விளக்கத்தைச் சொன்னேன். அது வேறு, இது வேறு, ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றேன். துரை வந்து மரத்தைக் காட்டி ஏதோ சொல்லும்போது ஆட்கள் நிற்பார்களே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபிறகு கேட்டாள்:

"ரெண்டும் இந்த ஒரே பொஸ்தகத்துலதான் இருக்குதா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு ஏன் நீ இதப் படிக்கல?"

அதட்டிக் கேட்கவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போல இருந்தது. எனக்குத் தெரிந்த உண்மை இதுதான்: மற்றதை நான் பார்க்காமல் வாசிக்க முடியும், அதை வாசிக்கும்போது என் குரல் நன்றாக இருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லவில்லை. உபதேசியார் குறித்துக் கொடுத்த பகுதி அது என்றேன்.

அம்மா தலையாட்டினாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அந்த மனுஷன் இதை எங்கே நின்று சொன்னார், இயேசுவைத் தனியாகப் பார்த்துச் சொன்னாரா என்று. நான் புத்தகத்தைப் புரட்டினேன். சுற்றிலும் பெரிய கூட்டம். வேதபாரகர்கள் ஒரு பக்கம் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்கள் ஓடி வருகிறார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியும் அந்தக் கூட்டம் என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"எல்லாருக்கும் நடுவுலதான் சொன்னார்" என்றேன்.

"சத்தமாவா?"

"கதறிச் சொன்னார்னு போட்டிருக்கு."

அம்மா எழுந்து போய் வெளியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்தாள். அன்று முதல் உபதேசியார் எதிரில் வந்தால் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மூன்றாவது முறை போதகர் வந்தார். முந்தின இரவெல்லாம் பெய்த மழையில் வழி சேறாகி, அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிய ரொட்டியை உபதேசியார் மனைவி தட்டில் அடுக்கி வெள்ளைத்துணியால் மூடினார். பிரசங்கம் முடிந்தது. திருவிருந்துக்கு முன், யாருக்காவது சபையில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். அவர் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். உபதேசியார் பேர் சொல்லிக் கூப்பிடாமல், தானாக யாரும் எழுந்தது கிடையாது. அன்று அம்மா எழுந்தாள்.

"எனக்கு இருக்குதுங்க."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"எம்புருசன் காச்சல்ல கெடந்தப்ப மாரியாத்தா கோயிலு துன்னூறு வாங்கிப் பூசினேன். கயிறு கட்டுனேன். இங்க வந்து செபமும் பண்ணுனேன். ரெண்டு பேரையும் நம்புனேன். ரெண்டு பேரையும் முழுசா நம்பல. அவரு செத்துப் போனாரு. என்னைக் கடைசிப் பாய்ல உக்கார வைங்க."

வெளியே மரத்திலிருந்து மழைநீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அம்மா தானாகவே பாய்களுக்கு நடுவில் நடந்து, வாசல் ஓரத்துக் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தாள். போதகர் புத்தகத்தைத் திறந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். ஒட்டுப்பால் கொட்டகையில் வேலை செய்கிற உயரமான பெண், வாயாடி.

"நானும்தாங்க. எம்மவளுக்கு அம்மை போட்டப்ப வேப்பெல வச்சு, கோயிலுக்குக் கூழும் ஊத்துனேன். போன வருசம்."

அவள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அவள் கொழுந்தன் மனைவியும் எழுந்து பின்னால் போனாள். என்ன செய்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், எப்போதும் தூங்குகிறவர், "கயிறு மட்டும் கட்டுனா அதுவும் சேருமாய்யா?" என்று கேட்டார். சேரும் என்று போதகர் சொன்னார். "அப்ப நானும் போறேன்" என்று தன் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் சொன்னார்கள், சிலர் சொல்லாமலே போனார்கள். கடைசிப் பாய் நிரம்பி, அடுத்த பாயை இழுத்துப் பின்னால் போட்டார்கள். ரொட்டித் தட்டின் பக்கத்தில் நின்றிருந்த உபதேசியார் மனைவி, கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கைப்புள்ள மூச்சு முட்டிக் கெடந்தப்ப" என்று அவரிடம் மட்டும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடுவில் வெறும் பாய்கள். முன்னால் நான், உபதேசியார், போதகர்.

நானும் எழலாம் என்று தோன்றியது. ஆனால் எதைச் சொல்லி எழுவது? நான் திருநீறு பூசியதில்லை, கயிறு கட்டியதில்லை. அப்பாவுக்காக நான் பயந்த ஒரு நேரத்திலும் இன்னொரு வாசலுக்குப் போனதில்லை. எனக்கு அப்படி ஒரு வாசலே தெரியாது. என்னிடம் இருந்தது இரண்டுதான்: குரல் நன்றாக இருக்கும் என்று ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தது, அதை இன்னொருவர் தலையில் வைத்துப் பொய் சொன்னது. கயிறு என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். இதை எப்படிச் சொல்வது? உபதேசியார் நான்கு அடி தள்ளி நின்றார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போதகர் நல்லவர்தான். சபை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அடுத்த முறை வரும்போது எல்லாருக்கும் கொடுப்பேன் என்று களைத்த குரலில் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் போய் முழங்கால்படியிட்டேன். என் பக்கத்தில் உபதேசியார். முழுச் சபைக்கும் வெட்டிய ரொட்டியிலிருந்து இரண்டே துண்டுகளை எடுத்தார். அது வாயில் கரைய நேரமாயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். சேற்றில் வழுக்காமல் இருக்க ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். ஒட்டுப்பால் கொட்டகைப் பெண் ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். அப்பா இறந்தபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் நின்று, என்ன இன்று வேதக்காரர்களுக்கெல்லாம் இத்தனை குஷி என்று கேட்டாள். எல்லாம் உன்னால்தான் என்று அம்மா சொன்னதும் மறுபடி சிரிப்பு. நான் குடையோடு பத்தடி பின்னால் வந்தேன். வழியில் ஒருத்தி திரும்பிப் பார்த்து எனக்காக ஒதுங்கி நின்றாள். நீங்கள் போங்கள் என்றேன்.

அன்று அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பசியோடு சாப்பிட்டாள். கொன்னவள் நான்தான் என்ற பேச்சை அதற்குப்பின் அவள் எடுக்கவில்லை. இல்லை என்று யாரும் அவளுக்கு நிரூபிக்கவும் இல்லை. பாதிச் சாப்பாட்டில், "மூணு மாசம் நாங்க எல்லாம் பின்னாடிதான். வாசல்ல மழ பேஞ்சா ஒண்ணும் கேக்காது. நீ கொஞ்சம் சத்தமாப் படி, பாப்பா" என்றாள்.

அந்த மூன்று மாதமும் அப்படித்தான் நடந்தது. முன்னால் ஒரு பெஞ்சு, அதில் நான். நடுவில் யாரும் உட்காராத தரை. வாசல் பக்கம் இடித்துக்கொண்டு சபை முழுவதும், என் அம்மா நடுவில், பிள்ளைகளை மடிமாற்றிக்கொண்டு, தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு. நான் அவர்கள் பக்கம் திரும்பி நின்று வாசித்தேன். வேதத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எந்தப் பகுதி என்று உபதேசியாரைக் கேட்டு, அவர் வாயால் குறித்துக் கொடுக்க வைத்தேன். என்மேல் உள்ள மரியாதை இன்னும் கூடிவிட்டதாக அவர் மற்றவர்களிடம் சொன்னாராம்.

அம்மா இன்றைக்கும் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.